மண்ணில் விழுந்த கிளிப்

சண்டைக் காலம். பல் காட்டுவதற்காகக் குச்சவெளியிலிருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு அம்மாவுடன் பஸ்ஸில் போனேன். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சாப்பிடக் கழற்றிய என் பல்லுக் கிளிப் சின்னப் பெட்டிக்குள் இருந்தது. ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து கிளிப்பின் கம்பியை முறுக்கிப் பார்த்துவிட்டு மண்ணில் போட்டான்.

"வாயில போடு," என்றான்.

"கழுவாமல் போட ஏலாது," என்றேன்.

அவன் துவக்கை நிமிர்த்தினான். "போடு பிள்ளை," என்று அம்மா கெஞ்சினாள். எடுத்துப் போட்டேன். பல்லிடையில் மண் நெரிந்தது; கம்பி பல் முரசைக் கிழித்தது. அவன் சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வளைந்த கிளிப்பைப் பார்த்து, "இப்பிடியே கவனிக்கிறது?" என்று என்னை ஏசினார். நான் பதில் சொல்லுமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

"விளையாட்டுப் பிள்ளை, டொக்டர். கீழ போட்டிட்டாள்."

பயத்தில்தான் சொன்னாள். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பும் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் நான் உட்காரவில்லை.