எடைக்கு எடை வெல்லம்

மெல்பர்னில் எங்கள் வீட்டுக் காலை தராசோடுதான் விடிகிறது. வெண்ணெயை நிறுத்து, முட்டையை நிறுத்து, என் மகள் யாழினியின் சாப்பாட்டு டப்பாவில் அடைக்கிறேன். சோறில்லை, இட்லியில்லை, பழம்கூடப் பேருக்குத்தான். ஒருநாள் அவள் டீச்சர் என்னைத் தனியே அழைத்து, "இவ்வளவு ஒல்லியான பிள்ளைக்கு எதற்கு டயட்?" என்று கடிந்துகொண்டார். மெலிவதற்கில்லை, வலிப்புக்கு என்று புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. மாத்திரைகளுக்கு அடங்காத வலிப்பு இந்தக் கீட்டோ உணவுக்கு அடங்கியிருந்தது. உடம்பு சர்க்கரைக்குப் பதிலாகக் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன்கள் மூளையை அமைதிப்படுத்தலாம் என்கிறார் டாக்டர். எப்படி என்று அவருக்கும் முழுக்கத் தெரியாது. இனிப்பு கொஞ்சம் உள்ளே போனாலும் வலிப்பு திரும்பக்கூடும் என்று மட்டும் அடித்துச் சொன்னார்.

அந்தப் பயத்தோடுதான் விடுமுறைக்குக் கடலூர் போனேன். அங்கே என் அக்கா, யாழினிக்கு வலிப்பு நிற்கவேண்டும் என்று சிதம்பரம் பக்கத்து அம்மன் கோயிலில் துலாபாரம் வேண்டியிருந்தாள். நெல்லிக்குப்பத்தில் கரும்பு போடும் மாமா, அக்காவின் கணவர், தன் கரும்பில் காய்ச்சிய வெல்லத்தையே கொண்டுவந்தார். ஒரு தட்டில் யாழினி, எதிர்த்தட்டில் வெல்லம். இரண்டும் சமமாக நின்றபோது எனக்கும் கண் கலங்கியது. முதல் துண்டைப் பிள்ளையின் வாயில் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். நான் மறந்தே போயிருந்தேன். அக்கா மறக்கவில்லை.

பாய்ந்துபோய், குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு வெல்லத்தைத் தோண்டி எடுத்தேன்.

"அடிப்பாவி! சாமி வெல்லம்டி அது!" என்று அக்கா அலறினாள்.

"இனிப்பே கூடாதுன்னு போன்ல சொன்னேன்லக்கா!"

"சோறு கூடாதுன்ன, சாக்லேட் கூடாதுன்ன, சரி. பிரசாதம் என்னாடி பண்ணும்?"

கடலூர் திரும்பும் வழியெல்லாம் யாழினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சமாவது கரைந்து உள்ளே போயிருக்குமே! பரங்கிப்பேட்டை தாண்டியதும் அவள் இமை படபடத்தது. வலிப்போ என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். நல்லவேளை, தூக்கக் கலக்கம்தான். முன்சீட்டிலிருந்து அக்கா திரும்பி என் கையைப் பிடித்தாள். அவள் கையும் சில்லிட்டிருந்தது.

"எனக்கு மட்டும் பயமில்லியாடி? அதுக்குத்தான வேண்டிக்கினேன்" என்றாள்.

வலிப்பு வரவில்லை. ஆனாலும் அதன்பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை. நாங்கள் கிளம்பும்போது அக்கா, "அவ பங்க எடுத்து வெக்கிறேன். டாக்டர் சரின்னு சொன்னதும் வந்து தின்னட்டும்" என்றாள்.

இன்று காலையும் இங்கே வெண்ணெயை நிறுத்தேன். அங்கே அக்காவின் அடுப்படியில், எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணத்தின் நடுவே, யாழினியின் வெல்லம் அவள் வருவாள் என்று உட்கார்ந்திருக்கிறது.