காய்ச்சல் இல்லாத விடுப்புக் கடிதம்

என் கோப்பை ஒரு மருத்துவர் திறந்து பார்த்தால் திண்டிவனத்தையே காலி செய்யச் சொல்லிவிடுவார். இங்கே ஒரு கல்லூரி அலுவலகத்தில் விடுப்புக் கடிதங்களைக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே வரிதான் வருகிறது: ‘ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.’ ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த கடிதம். அக்கா கல்யாணமென்றாலும் காய்ச்சல், அறுவடையென்றாலும் காய்ச்சல்.

அந்தக் கோப்பைக் கேட்டு ஒருநாள் கலையரசி வந்து நின்றார். ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில்தான், ஒவ்வொரு வருடமும் வேலையைப் புதுப்பிக்க வேண்டும். கெடாரில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். பதினோரு வருடமாகக் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, விழுப்புரத்தில் பஸ் மாறி வருகிறார். பிடித்தால் விடாத ஆள் என்று துறையில் எல்லோருக்கும் அவர்மேல் கொஞ்சம் எரிச்சல். எனக்கும்தான்.

தங்கள் வாழ்க்கையில் நடந்ததையும், அதனால் தாங்கள் எப்படி மாறினோம் என்பதையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று மூன்றாம் வருடத்துக்கு அப்போது ஒரு பாடம் வந்திருந்தது. மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேரும் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய் ஒற்றுமையைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஜெராக்ஸ் கடை நோட்ஸ். இரண்டு பேர், ‘இங்கே உங்கள் ஊரின் பெயரை எழுதவும்’ என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள்.

“கோதண்டபாணி சார், அந்த லீவ் லெட்டர் ஃபைலைக் குடுங்க. ஜல்தியா திருப்பித் தந்துடறேன்” என்றார்.

வகுப்பில் அவரவர் கடிதத்தை அவரவர் கையில் கொடுத்து, “இதுல இருக்கற காய்ச்சலை எடுத்துடுங்க. அன்னிக்கு நெஜமா என்ன பண்ணிக்கினு இருந்தீங்களோ, அதை எழுதுங்க” என்றாராம்.

அதற்குப் பிறகுதான் பக்கங்கள் வந்தன. பொம்மையார்பாளையத்து ஆனந்தராஜ், அப்பாவோடு கடலுக்குப் போய் வாந்தியெடுத்துக்கொண்டே வலை இழுத்ததை எழுதினான். தையல்நாயகி மூன்று பக்கம் எழுதியிருந்தாள். கை முறிந்து கிடந்த அம்மாவுக்குப் பதிலாக கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போன கதை. ‘நாலாவது நாள்தான் அம்மாவின் முதுகுவலி எனக்குப் புரிந்தது’ என்று அதில் ஒரு வரி. கோப்பைத் திருப்பித் தந்தபோது அந்தப் பக்கங்களையும் கலையரசி எனக்குப் படிக்கக் கொடுத்தார்.

தேர்வு நெருங்கியபோது வருகைப் பட்டியல் வந்தது. வேலைக்குப் போன அந்த நாட்களால் தையல்நாயகிக்கு வருகை போதவில்லை. மருத்துவச் சான்று வைத்தால் தேர்வு எழுதலாம். இல்லாவிட்டால் ஒரு வருடம் வீண்.

கலையரசியே பயந்துபோனார். என் மேசைக்கு முன்னால்தான் இருவரும் பேசினார்கள்.

“ஒரு வருஷம் போயிடும்மா. இந்த ஒரு வாட்டி காய்ச்சல்னே எழுதி சர்ட்டிஃபிகேட்டோட குடுத்துடு.”

“மாட்டேன் மேடம். எங்கம்மா கையை ஒடைச்சிக்கினு கெடந்தது, நான் வேலைக்குப் போனது எல்லாம் நீங்க சொல்லித்தான எழுதுனேன்? இப்ப அது பொய்யின்னு நானே எழுதணுமா?”

கலையரசி என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, நின்றபடியே என்னவோ எழுதினார். அதையும் அந்த மூன்று பக்கத்தையும் எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனார். நானும் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். வேலை இருந்தது என்று சொன்னால் பொய், வேடிக்கை பார்க்கத்தான்.

“வேலைக்குப் போனதுக்கெல்லாம் ரூல்ல எடமில்லீங்க மேடம்” என்றார் முதல்வர். “காய்ச்சல்னு குடுக்கச் சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

“அப்படின்னா இதையும் படிங்க சார்.”

நின்றபடி எழுதிய தாளை நீட்டினார். ‘போன வருடம் காய்ச்சல் என்று நான் எடுத்த இரண்டு நாள் விடுப்பு பொய். நிரந்தரப் பணிக்கான தேர்வை ஐந்தாவது முறையாக எழுதப் போனேன். தேறவில்லை. நாலு பேர் சிரிப்பார்களே என்று மறைத்தேன்.’ அவ்வளவுதான் இருந்தது அதில்.

“எதுக்குங்க இது? உங்க வேலையைப் புதுப்பிக்கற நேரம்!”

“தெரியும் சார். அந்தப் பொண்ணு நெஜத்தை எழுதிட்டு நிக்குது. சொல்லிக் குடுத்த நான் பொய்யை எழுதி வச்சிட்டு உக்காந்துக்கினு இருக்க முடியலை.”

முதல்வர் தையல்நாயகியின் மூன்று பக்கத்தையும் கடைசி வரை படித்தார். இடையில் வந்த போனை எடுக்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு இரண்டு கடிதம் அடிக்கச் சொன்னார். ஒன்று, அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டையும் அந்தப் பக்கங்களையும் இணைத்துப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை. இன்னொன்று, பொய்க் காரணம் சொல்லி விடுப்பு எடுத்ததற்காகக் கலையரசிக்கு மெமோ. அந்த மெமோவை அடிக்க எனக்குக் கை வரவில்லை. கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் அனுமதி வந்தது. ஹால் டிக்கெட்டை வாங்கிய தையல்நாயகி அதிலிருந்த தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கலையரசி அவளைத் தட்டி எழுப்பி, “அழுதது போதும், போய்ப் படி” என்று விரட்டினார்.

ஜூனில் கலையரசிக்கும் வேலை புதுப்பித்துக் கிடைத்தது. மெமோ மட்டும் இன்னும் கோப்பில் இருக்கிறது. போன திங்கட்கிழமை அவரிடமிருந்து ஒரு விடுப்புக் கடிதம் வந்தது. கோப்பில் சேர்ப்பதற்கு முன் இரண்டு முறை படித்தேன்.

‘ஐயா, நிரந்தரப் பணிக்கான தேர்வை ஆறாவது முறையாக எழுதப் போகிறேன். சனிக்கிழமை ஒருநாள் விடுப்பு வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறது.’