ஆண்புழுவும் நங்கையின் சோறும்

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் ஒரு ஆய்வகத்தில், தக்காளி வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஆணாகப் போகும் குஞ்சுக்கும் பெண்ணாகப் போகும் குஞ்சுக்கும் மரபணுக்கள் ஒன்றுதான். வளர வளர எது வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதைப் பருவம் பருவமாகப் பிரித்துப் பார்ப்பது என் வேலை.

விடுமுறைக்கு உக்கடத்தில் பஸ் ஏறி உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் போவேன். அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு பெண்களுக்குப் பிறகு அப்போதுதான் மறுபடி உண்டாகியிருந்தார். தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார்.

“ஏன் அம்மணி, உன்ற புழுவுல ஆணு எப்படி ஆகுது?”

“வேர்ல நல்லாத் தீனி கெடைச்சாப் பொண்ணாயிருமுங்க. கூட்டம் சேந்து தீனி பத்தாமப் போனா நெறைய ஆணா வருமுங்க.”

வீட்டில் என் வேலையைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை. அந்தக் குஷியில் மேலும் என்னென்னவோ விளக்கினேன். அவர் துருவுவதை நிறுத்தியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த முறை போனபோது நங்கைக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மசக்கை என்றார் அம்மா. அதற்குப் பிறகு ஒருநாள் நங்கை தண்ணீர்த் தொட்டியடியில் மயங்கி விழுந்துவிட்டார் என்று போன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உடம்பில் ரத்தமே இல்லை என்று டாக்டரம்மா திட்டிவிட்டுப் போயிருந்தார். அம்மா வெளியே போனதும் நங்கை என் கையைப் பிடித்தார்.

“தீனி கொறைஞ்சாப் பையனாகும்னு நீதான கண்ணு சொன்ன?”

“அது புழுவுக்குங்க, நங்கை. மனுசருக்கு உண்டாகறப்பவே முடிவாயிருமுங்க. அதும் அண்ணன்கிட்ட இருந்து வாரதுலதானுங்க இருக்குது.”

என் கையை விட்டார். “அப்ப நான் பசியோட கெடந்ததெல்லாம் சும்மாவா?”

வெளியே வந்தேன். வராந்தாவில் நின்ற அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் பேச்சால் வந்தது என்பதையும் சேர்த்து.

“பையன் வேணும்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லையே” என்றார்.

“வேண்டாம்னும் சொல்லலீங்களே, அண்ணா.”

அவர் கீழே போய் இட்லி வாங்கி வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிட்டுப் பிட்டு ஊட்டினார். நங்கை அழுதுகொண்டே சாப்பிட்டார்.

பிறந்தது பெண். கைக்குள் அடங்கும் அளவு இருந்தாள். நங்கை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குழந்தையை முதலில் என் மடியில்தான் போட்டார். பள்ளிக்கூடம் போகும் வயதிலும் அவள் மெலிந்துதான் இருந்தாள். சளி, காய்ச்சல் என்று அடிக்கடி படுத்துக்கொள்வாள். வயிற்றில் இருந்தபோது பட்ட பட்டினிதான் காரணமா என்று ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கலாம். நாளெல்லாம் ஆய்வகத்தில் அந்த மாதிரிக் கேள்விகளோடு உட்கார்ந்திருந்த எனக்கு, இதை மட்டும் கேட்கத் துணிவு வரவில்லை.