பிள்ளையார் வளைவும் பாண்டியராஜின் நீள வண்டியும்

கட்டபெட்டில் பாண்டியராஜின் வெல்டிங் பட்டறைக்கு வழி கேட்டால் யாரும் விவரமாகச் சொல்ல மாட்டார்கள். "சத்தம் வர்ற பக்கமாப் போங்க" என்பார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் தொட்டி ஓட்டையானாலும், எஸ்டேட் கேட் சாய்ந்தாலும், கோயில் உண்டியலுக்குக் கொண்டி வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். வயது நாற்பத்தாறு. கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். இன்னும் தொடங்காத வேலையை முடித்துவிட்ட மாதிரி பேசுவார். பிறகு எப்படியாவது செய்தும் காட்டிவிடுவார் என்பதால் ஊர் அந்த வாயைப் பொறுத்துக்கொண்டது.

அவரிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. முன்னால் கேஸ் சிலிண்டர், பின்னால் இரும்புக் கம்பி, இடுக்கில் கிரைண்டர் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. இடமில்லாமல் போனது அவர் மனைவி கலைமதிக்கு மட்டும்தான். கலைமதி கீழே தேயிலைத் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். சாயங்காலம் வேலை விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது, பாண்டியராஜ் கம்பிக் கட்டோடு அவளைக் கடந்து மேலே போவார். கையசைப்பார். அவளும் கையசைப்பாள். இருபது வருஷக் குடித்தனத்தில் இது ஒரு சடங்காகவே ஆகிப்போயிருந்தது.

கூட வேலை செய்யும் தெய்வம்மா ஒருநாள், "கம்பிக்கு அடிச்ச யோகம் ஒனக்கு அடிக்கலையே கலை" என்று சொன்னாளாம். கலைமதி அதைச் சாப்பாட்டு நேரத்தில் சிரித்துக்கொண்டே கணவரிடம் சொன்னாள். பாண்டியராஜும் சிரித்தார். சிரித்துவிட்டு இரண்டாவது கை சோற்றைப் பிசைந்தபடியே வெகுநேரம் இருந்தார். அந்தப் பேச்சு அவருக்குள் முள்ளாகக் குத்தி நின்றுவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் வண்டி கிடைத்தது. மேலே ஓர் எஸ்டேட் பங்களாவில் கொட்டகைக்குக் கூரை மாற்றப் போனவர், மூலையில் சாக்குக்கு அடியில் அதைப் பார்த்தார். பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள், ஐந்நூறு சி.சி., வெள்ளைக்காரன் காலத்தது. டேங்க் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மேனேஜர், "கூரை வேலைக்குச் சேத்து இந்தச் சனியனயும் எடுத்துட்டுப் போயிருப்பா, எடத்த அடைக்குது" என்றார். குஞ்சு பொரிக்கும்வரை பாண்டியராஜ் காத்திருந்தார். பிறகு பிக்கப் வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதன் பதிவுப் புத்தகத்துக்கு உயிர் கொடுத்த கதையைச் சொல்லப் புகுந்தால் இன்றைக்கு வீடு போய்ச் சேர முடியாது, விட்டுவிடுவோம்.

இஞ்சினைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு குறையும் பெரிதாக இல்லை. பழைய வண்டியைப் பழைய மாதிரியே ஓட்டியிருக்கலாம். அதோடு நிற்கிற ஆளா அவர்? யாரோ காட்டிய வீடியோவில் சாப்பர் வண்டிகளைப் பார்த்துவிட்டார். முன்சக்கரம் எங்கேயோ தூரத்தில் ஓட, ஹேண்டில்பார் கொம்பாக நிமிர்ந்து நிற்க, ஓட்டுகிறவர் சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் போய்க்கொண்டிருந்தார். கண்ணுக்கெட்டிய தூரம் சாலை ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடாக நீண்டது. பாண்டியராஜ் வண்டியைப் பார்த்தார். சாலையைப் பார்க்கவில்லை. வினை அங்கேதான் தொடங்கியது.

மூன்று வருஷம். கேட் வேலை, கிரில் வேலை எல்லாம் முடிந்த பிறகு கிடைத்த நேரமெல்லாம் வண்டிக்குப் போனது. சேசிஸின் கழுத்தை அறுத்துச் சாய்த்தார். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை ஒரு முழத்துக்கு மேல் நீட்டினார். டேங்க்கைப் பலாக்கொட்டை வடிவில் தட்டியெடுத்தார். வீடியோவில் பார்த்த வண்டிகளில் ஓர் ஆளுக்குத்தான் சீட். இவர் இரண்டு ஆளுக்குச் செய்தார். பின்சீட்டுக்குச் செங்கல் நிற ரெக்ஸினைக் கலைமதியே தேர்ந்தெடுத்தாள்.

"இந்த வண்டீல இரும்பு ஏறாது அம்மிணி. ஏறுனா நீ மட்டுந்தான்" என்றார் பாண்டியராஜ்.

"முதல்ல ஓடட்டுமுங்க" என்றாள் அவள். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முட்டை வறுவல் இருந்தது.

ஓடவும் செய்தது. கட்டபெட்டில் தட்டையான நிலமென்றால் பள்ளிக்கூட மைதானம்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டுபோய்க் கிக்கரை உதைத்தார். அடிவயிற்றிலிருந்து வரும் இருமல்போல் இரண்டு முறை செருமி, பிறகு நின்று நிதானமாகத் துடிக்கத் தொடங்கியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக ஓட்டினார். பெரிய வட்டமாகத் திருப்பினார். வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். பிறந்ததிலிருந்து வளைவிலேயே வாழ்கிறவன் வளைவை எண்ணிப் பார்ப்பதில்லை, மூச்சை யாரும் எண்ணாத மாதிரி.

எண்ணிப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அந்த ரூட்டில் அரசு பஸ் ஓட்டும் வேலாமணி. மைதானத்து ஓரமாக நின்றவர், ஃபோர்க்கை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏந்தம்பி, பிள்ளையார் வளைவுல இது மடங்குமா?"

"நம்ம சத்தத்தக் கேட்டா வளைவே மடங்கிருமுங்கண்ணா" என்றார் பாண்டியராஜ். சொன்னேனே, வாய் கொஞ்சம் நீளம்.

பிள்ளையார் வளைவு என்பது தொழிற்சாலைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கொண்டை ஊசி வளைவு. பட்டறையும் மைதானமும் தொழிற்சாலைக்குக் கீழே என்பதால் வண்டி அதுவரை அந்த வளைவைப் பார்த்ததில்லை. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பிள்ளையார். இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலைப் பாதையின் சட்டம். எழுதி வைக்காவிட்டாலும் யாரும் மீறுவதில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் வண்டி வந்து நின்றது. கலைமதி மாற்றுப்புடவை கொண்டுவந்து கட்டியிருந்தாள். பின்னால் ஏறி உட்கார்ந்து, தெய்வம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலில் இருபது வருஷத்துப் பதில் இருந்தது. பாண்டியராஜுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

பிள்ளையார் வளைவில் வண்டி நுழைந்தபோது மேலிருந்து வேலாமணியின் பஸ் இறங்கி வந்தது. சட்டப்படி நின்றது. பாண்டியராஜ் ஹேண்டில்பாரைத் திருப்பினார். கால்வாசி திரும்பியதும் ஃபோர்க் டேங்க்கில் முட்டிக்கொண்டது. அதற்குமேல் திரும்ப இடமில்லை. முன்சக்கரம் பள்ளத்துச் சுவரை நோக்கிப் போக, பிரேக்கை அழுத்தினார். வண்டி சாலைக்குக் குறுக்கே கம்பி கட்டிய மாதிரி நின்றது. முன்னால் போகவில்லை. பின்னால் உருளத் தொடங்கியது.

பஸ்ஸிலிருந்து கண்டக்டர் குதித்தோடி வந்து பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். கல் வைப்பது லோடு லாரிக்கு. மோட்டார் சைக்கிளுக்குக் கல் வைத்த கதை அந்த மலையில் அதற்குமுன் இல்லை. பஸ் முழுக்க ஜன்னல்களில் தலைகள்.

வேலாமணி எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பாண்டி, முன்சக்கரம் கோத்தகிரியில இருக்குது, பின்சக்கரம் கட்டபெட்டுல இருக்குது. நடுவுல நீ எங்க திரும்புவ?"

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. பாண்டியராஜுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அடுத்து சொல்ல வேண்டியிருந்ததுதான் பெரிதாகத் தெரிந்தது. வேறு வழியில்லை, சொன்னார்.

"அம்மிணி... கொஞ்சம் எறங்கிக்கறியா?"

கலைமதி இறங்கினாள். புடவையை உதறிக்கொண்டாள். பிறகு யாரையும் பார்க்காமல் மேலே நடந்தாள். அவர் வண்டியை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவள் டீ போட்டு வைத்திருந்தாள்.

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது. நீங்க ஓட்டுங்க. எனக்கு பஸ்ஸே சவுரியம்" என்றாள். கோபமே இல்லை அந்தப் பேச்சில். கோபமிருந்தால் அவர் அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பார்.

உடனே ஃபோர்க்கை வெட்டியிருக்கலாம். மனசு வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து பையன்கள் தேடிக்கொண்டு வந்து வண்டியோடு போட்டோ எடுத்தார்கள். "அங்கிள், இதுக்கு அழகே இந்த ஃபோர்க்தான். கை வெச்சிராதீங்க" என்றார்கள். தன் கையால் செய்ததை அழகென்று நாலு பேர் சொன்னால் யாருக்குத்தான் இனிக்காது? வளைவில் மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு, மற்ற இடங்களில் ராஜாவாகப் போய்வந்தார்.

ஒரு சாயங்காலம் அப்படித் தொழிற்சாலையைக் கடந்தார். பஸ் நிறுத்தத்தில் கலைமதி நின்றிருந்தாள். பழக்கத்தில் கையசைத்தார். அவளும் பழக்கத்தில் கையசைத்தாள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. மொபெட் காலத்தில் அவளை ஏற்றாததற்குக் கம்பிக் கட்டு என்று ஒரு காரணமாவது இருந்தது. இப்போது அவருக்குப் பின்னால் இருந்தது அவள் தேர்ந்தெடுத்த செங்கல் நிறச் சீட், சும்மா. வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போகாமல் வண்டியைத் தள்ளித் திருப்பி, நேரே கீழே பட்டறைக்குப் போய் கிரைண்டரை எடுத்தார்.

வளைவுக்குக் கயிறு பிடித்து அளந்து, பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் பிள்ளையார் வளைவை அப்படியே வரைந்தார். விளையாட்டு விழா வருகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வண்டியை அந்தக் கோட்டுக்குள் கையால் தள்ளிப் பார்த்தார். கோட்டைத் தாண்டியது. ஃபோர்க்கில் நாலு விரற்கடை வெட்டினார், இது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு. போதவில்லை. இன்னும் வெட்டினார். ஆசைக்கு மிச்சம் வைக்க வைக்க வண்டி கோட்டைத் தாண்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் நீட்டியதில் முக்கால்வாசி போய்விட்டது. பலாக்கொட்டை டேங்க்கின் இரண்டு கன்னங்களையும் ஒடுக்கி, ஃபோர்க் திரும்ப இடம் பண்ணினார். வண்டி கோட்டுக்குள் திரும்பியது.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. வெட்டி வெட்டி ஒட்டுப்போட்ட ஃபோர்க்கில் கலைமதியை ஏற்ற அவருக்கு மனசு ஒப்பவில்லை. கிடைத்த அளவை வைத்துப் புதுப் பைப்பில் வேறொரு ஃபோர்க் செய்தார். பழையதையும் அதில் வெட்டிய துண்டுகளையும் நீளமாகப் பற்றவைத்து, வீட்டுக்குப் பின்னால் மேரக்காய்க் கொடிப் பந்தலுக்குக் கால்களாக நட்டார். எதற்கென்று கலைமதி கேட்கவில்லை. கொடியை மட்டும் அதில் ஏற்றிவிட்டாள்.

மறுபடி ஒரு திங்கட்கிழமை, தொழிற்சாலை வாசல். வண்டியைப் பார்த்ததும் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். கலைமதி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பஸ்ஸு வந்துருமுங்க" என்றாள்.

"இன்னைக்கு எறங்கச் சொல்ல மாட்டேன் கலை" என்று சொல்லிப் பின்சீட்டைக் கையால் துடைத்துவிட்டார்.

அவள் குட்டையான ஃபோர்க்கைப் பார்த்தாள். கன்னம் ஒடுங்கிய டேங்க்கைப் பார்த்தாள். தெய்வம்மா டிபன் பையை வாங்கி வைத்துக்கொண்டு, "ஏறு புள்ள, பையி நான் கொண்டாறேன்" என்றாள். கலைமதி ஏறினாள். ஆனால் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள், நடக்க நேர்ந்தால் நடப்பதற்கு.

பிள்ளையார் வளைவில் வேலாமணியின் பஸ் நின்றது. இவர்களைக் கண்டதும் அவர் இஞ்சினையே அணைத்துவிட்டு, ஸ்டியரிங்மேல் கையைக் கோத்து வைத்துக்கொண்டார். கண்டக்டர் கேட்காமலேயே கல்லோடு இறங்கி நின்றார். ஜன்னலெல்லாம் தலைகள். கலைமதியின் கை பாண்டியராஜின் தோளை இறுகப் பிடித்தது.

ஹேண்டில்பாரைத் திருப்பினார். வண்டி சாய்ந்தது, வளைவோடு வளைந்தது, பிள்ளையாரைச் சுற்றிக்கொண்டு, பஸ்ஸை உரசுகிற மாதிரி கடந்து, மேல் பாதைக்கு வந்து நின்றது. ஒரே திருப்பம். கண்டக்டர் கையில் கல்லோடு அப்படியே நின்றார். வேலாமணி ஹாரனை விடாமல் அடித்தார். பாண்டியராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, அவள் பின்னால் இருந்தாள்.

வீடு அங்கிருந்து தெரியும் தூரம்தான். கியரைப் போடப் போனபோது தோளில் ஒரு தட்டு.

"ஏனுங்க."

"என்ன அம்மிணி, எறங்கறயா?"

"எதுக்கு எறங்கறது? கீழ தெய்வம்மா இன்னும் பஸ்ஸுக்குத்தான் நிக்கறா" என்றாள் கலைமதி. "போயி இன்னொருக்கா ஏறி வரலாமுங்க."

பாண்டியராஜ் வண்டியைத் திருப்பினார்.