எலி இல்லாத சான்றிதழ்

சின்னண்ணன் பிழிந்த வெட்டுக்காயப்பூண்டுச் சாறு பட்டால் ஆறாத காயம் கிடையாது. ஆயிரம் அடி போர்வெல் குழிகூட மூடிக்கொள்ளும் என்று பயந்து, அவர் வேலை பார்க்கும் ரிக் லாரிக்கு இருபது அடி தள்ளி உட்கார்ந்துதான் பிழிய வேண்டும் என்பார்கள்.

இதை ஊரெல்லாம் பரப்பியவள் அவருடைய மகள் இனியா. திருச்செங்கோட்டில் மருந்துக்கடைப் படிப்பு படிக்கிறாள். இரண்டு பாடத்தில் அரியர் இருந்தாலும் புளுகில் முதல் வகுப்பு.

ஆனால் அந்தப் பூண்டுச் செடி மட்டும் புளுகு இல்லை. ரிக்கில் யாருக்காவது கை கிழிந்தால் சின்னண்ணன் காட்டோரம் போய் நாலு இலை கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி விடுவார். ரத்தம் நின்றுவிடும். முப்பது வருசமாகப் போன மாநிலத்தில் எல்லாம் அதுதான் வைத்தியம்.

அந்த வருசம் கல்லூரியிலேயே அதைச் சோதித்தார்கள். எலிகளின் முதுகில் காயம் உண்டாக்கி, பாதிக்கு மட்டும் பூண்டுக் களிம்பு தடவினார்கள். தடவியவை பதினாலு நாளில் ஆறின. மற்றவற்றுக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று. ஆராய்ச்சியில் இனியாவின் பங்கு, கூண்டு கழுவுவது.

ஆராய்ச்சி முடிந்த ஞாயிற்றுக்கிழமை அப்பனைக் கலாய்க்க ஒரு சான்றிதழ் அடித்தாள். ‘இந்தப் பூண்டால் புண் விரைவில் ஆறும் என்று அறிவியல் முறைப்படி நிரூபிக்கப்பட்டுள்ளது.’ கீழே கையெழுத்துப் போட்டு, சோடா மூடியை மையில் தொட்டு முத்திரையும் குத்தினாள். எலி என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள். எலியோடு சேர்த்தால் மனுசன் கோபித்துக்கொள்வாராம்.

சின்னண்ணன் அதற்கு லேமினேசன் போட்டு லாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

ஆவணியில், சத்தீஸ்கரில் வேலை நடந்தபோது இரும்பு ராடு உருண்டு அவர் கால்விரலை நசுக்கியது. எட்டு வருசச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி எப்போதோ போயிருந்தது.

“துளி வலியில்ல சாமி, பூண்டு சும்மா பேசுது” என்றார் போனில் மகளிடம்.

“எத்தன நாளா போடறே?”

“பதினெட்டு.”

“ஆஸ்பத்திரிக்குப் போப்பா.”

“நீதான எழுதிக் குடுத்தே, டாக்டரம்மா?”

இனியா சிரித்துவிட்டாள். ஏதோ சிராய்ப்பு என்று நினைத்துச் சிரித்தாள்.

அவர் ஊர் திரும்பியபோது பாதம் கறுத்திருந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே காலை வெட்டி எடுத்தார்கள். என்ன போட்டீர்கள் என்று கேட்ட டாக்டரிடம், எலி ஆராய்ச்சியையும் சேர்த்து இனியாதான் சொன்னாள். அவர் திட்டவில்லை.

“எலிக்கு ஆறுனது நெசம்தாம்மா. ஆனா அந்த எலிக்குச் சர்க்கரை இல்லையே? ரத்தமே போகாத காலுக்கு மேல பூசி என்ன பண்றது?”

திட்டியிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

மூன்றாம் நாள், லாரியிலிருந்து வந்த துணிப்பையில் அந்தச் சான்றிதழ் அட்டையும் இருந்தது. அவர் கண்மூடியிருந்த நேரம் பார்த்து உருவித் துப்பட்டாவுக்குள் மறைத்தாள்.

“பையில ஒரு அட்டை இருந்துச்சே?” கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“இல்லியேப்பா. லாரியிலயே தொலஞ்சிருக்கும்.”

“அப்ப துப்பட்டாவுக்குள்ள பளபளங்கறது என்ன?” ஒரு கண்ணைத் திறந்திருந்தார்.

இனியா அட்டையை இன்னும் உள்ளே தள்ளினாள். போர்வை தட்டையாகிப் போன இடத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

“அதுல எலியக் காணமேன்னு படிச்ச அன்னிக்கே நெனச்சேன் சாமி. நீ கூண்டு கழுவீட்டு வந்து வூடே நாறிக் கெடந்துச்சு, எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமாப்பா போட்டே?”

“கீழ உம்பேரு இருந்துச்சே” என்றார். கையை நீட்டினார். “குடு இங்க.”