சித்தப்பா பிடுங்காத செடிகள்

அன்புப் பிள்ளைகளுக்கும், வருஷத் திதிக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சித்தப்பா திருச்சுழிக்குத் தெற்கே நம் கரிசல் ஊரில், எனக்கு நான்கு வருஷம் கழித்துப் பிறந்தார். மழை பொய்த்து கொத்தமல்லி விதைப்பு மூன்று தரம் வீணான பிறகு, மலையில் பைன் மர ஆராய்ச்சித் தோட்டத்துக்குத் தற்காலிகக் காவலராகப் போனார். மரங்களை எவ்வளவு இடைவெளியில் விட்டால் நன்றாகப் பருக்கும், உதிர்ந்த விதை தானாக முளைத்துக் காடாகுமா என்று அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நான்கு மூலையிலும் கல் நட்ட ஓர் இடத்தில் முளைத்திருப்பதை மாதாமாதம் எண்ணி எழுதுவது சித்தப்பா வேலை. அவரை நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதியிருந்தார்கள். அதை நம்பிப் பெண்ணும் பேசி வைத்திருந்தோம்.

அந்தச் சமயத்தில் அவரைப் பார்க்கப் போனேன். அவர் அரிசி வாங்க டவுனுக்குப் போயிருந்தார். சும்மா இருந்து பழகாத கை. அந்த நான்கு கல்லுக்குள்ளே, உதிர்ந்த ஊசியிலைகளுக்கு நடுவில், விரல் உயரத்துக்குப் புல் மண்டிக் கிடந்தது. ஒன்று விடாமல் பிடுங்கி ஓரத்தில் குவித்தேன்.

திரும்பி வந்தவரிடம், "ஏலே, களையெடுக்கக்கூட ஏலாம என்னலே காவல் காக்குற?" என்றேன்.

குவியலைப் பார்த்தார். பையை இறக்கி வைத்தார். "நல்லாத்தாண்ணே சுத்தம் பண்ணிருக்க" என்றார். பிறகுதான் அவை பைன் கன்றுகள் என்று சொன்னார்.

மறுநாள் அதிகாரி வந்து கேட்டபோது சித்தப்பா, "நான்தான் சார், புல்லுன்னு புடுங்கிட்டேன்" என்றார். பின்னால் துண்டைப் பிடித்தபடி நின்ற நான் வாய் திறக்கவில்லை. அதிகாரி போன பின்னால், "வெளியாள உள்ள விட்டேன்னு தெரிஞ்சா இன்னைக்கே அனுப்பிருவாகண்ணே. இது திட்டோட போச்சு" என்றார் என்னிடம்.

திட்டோடு போகவில்லை. நிரந்தரம் கடைசிவரை வரவில்லை. தோட்டத்தில் விசாரித்த பெண் வீட்டார் விலகிக்கொண்டார்கள். கதை ஊருக்கும் வந்து சேர்ந்தது. லீவில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கினால், "புல்லுக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியாத காவக்காரரு வாராருடோய்" என்பார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

நுரையீரல் நோயோடு வீட்டுக்கு வந்த கடைசி மாதம், முற்றத்தில் அவருக்குக் கட்டில் போட்டிருந்தோம். பக்கத்துக் கீரைப் பாத்தியில் நான் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். "பாத்துப் புடுங்குண்ணே" என்றார். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான். என்ன விஷயம் என்று உங்கள் அம்மா கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அவரை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன பக்கத்து வீட்டாருக்கும், மலையிலிருந்து பஸ் மாறி மாறிக் காரியத்துக்கு வந்த தோட்டத்து ஆட்களுக்கும் நன்றி. அதே கல்லுக்குள் மறுபடி முளைத்தவற்றைச் சித்தப்பா விடாமல் எண்ணி வந்தாராம். இப்போது இடுப்பு உயரம் நிற்கின்றனவாம். பிடுங்கியது யார் என்று அவர்களும் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள்.

பிள்ளைகளே, அந்தக் கதையை யாராவது சொல்லிச் சிரித்தால் தடுக்க வேண்டாம். பேரை மட்டும் மாற்றிச் சொல்லுங்கள்.

உங்கள் அப்பா