செருப்புக்கு ஏது லேஸ்?

பட்டாளத்தில் இருந்து வந்தவன் எதற்கும் அஞ்சமாட்டான் என்று காமயகவுண்டன்பட்டியில் ஒரு நினைப்பு. அதை ஏன் கெடுப்பானேன் என்று நானும் மீசையை முறுக்கிவிட்டுத் திரிந்தேன். பட்டாளத்தில் நான் ஓட்டியது லாரி. துப்பாக்கியைத் துடைத்ததைவிட முன்கண்ணாடியைத் துடைத்ததுதான் அதிகம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன ஆடிக்காற்று மீசையை இறக்கிவிட்டது.

எங்கள் திராட்சைக் கொடிகள் கல்தூண் நட்டுக் கம்பி கட்டிய பந்தலில் படர்பவை. மறுநாள் காய் வெட்டு. காய் கொத்துக்கொத்தாகத் தொங்குகிறது. அடித்த காற்றில், மூலைக்கல்லை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்திருந்த கம்பி பட்டென்று அறுந்தது. கல் உள்பக்கம் சாய ஆரம்பித்தது. அது விழுந்தால் அடுத்த கல்லையும் இழுக்கும். வெள்ளாமை மொத்தமும் தரைக்கு வந்துவிடும்.

இலை கிள்ள வந்த பெண்கள் 'மிலிட்டரி'யைப் பார்த்தார்கள். மிலிட்டரி வாயைத் திறந்தால் இந்திதான் வருகிறது.

"ஜல்தி! ஜல்தி!"

"எங்களுக்கு இந்தி தெரியாதுண்ணே, தமிழ்லயே பதறுங்க."

தமிழில் பதறினேன். "எல்லாரும் ஓடியாங்க, கல்லத் தாங்கிப் பிடிங்க!"

பாவம், ஓடிவந்து பிடித்தார்கள். மோட்டார் ரூமில் இருந்து என் மனைவி கத்தினாள்: "ஏங்க, கூறு இருக்கா? ஆளுகள எல்லாம் கல்லுக்கு அடியில நிறுத்தியிருக்கீக!"

எல்லாரையும் வெளியே விரட்டினேன். அடுத்து என்ன?

பட்டாளத்தில் எங்களுக்கு அதிகாரியாக இருந்த சுபேதார் ஞாபகத்துக்கு வந்தார். மலைப்பாதையில் வண்டிச் சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்கும், நாங்கள் அலறுவோம், அவர் மட்டும் குனிந்து பூட்ஸ் லேஸை அவிழ்த்து நிதானமாகத் திரும்பக் கட்டுவார். நிமிர்ந்த பிறகுதான் பேசுவார். பேசினால் வேலை நடக்கும்.

நானும் குனிந்தேன். காலில் ரப்பர் செருப்பு.

"என்னண்ணே, செருப்புக்கு லேஸ் கட்டுறீகளா?"

தோட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். குனிந்த வாக்கில்தான் கண்ணில் பட்டது, கல்லுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் நின்ற தென்னை. வடக்கயிற்றை வெளியே நின்றபடி கல்லின் தலையில் வீசி மாட்டி, தென்னையில் ஒரு சுற்றுச் சுற்றி எல்லாரும் இழுத்துப் பிடித்தோம். சாய்வு நின்றது. ஆனாலும் உள்ளே போய் முட்டுக்கொடுக்க வேண்டும். "நான் போறேன், வேற யாரும் வரக்கூடாது" என்றேன். குரல் சுபேதார் மாதிரி கம்பீரமாகத்தான் வந்தது. முட்டுக்கு எடுத்த சவுக்குக்கட்டைதான் நிற்காமல் ஆடியது.

"கல்லு ஆடுதா, நீங்க ஆடுறீகளா?" என்றாள் கயிற்றைப் பிடித்திருந்த மனைவி.

"ரெண்டும்தான் தாயி. கயித்த விட்ராதீக!"

கட்டையை முட்டுக்கொடுத்து, கயிற்றையும் தென்னையில் கட்டிவிட்டோம். மூலையில் கொஞ்சம் காய் உதிர்ந்து மண்ணானது. மற்றபடி பந்தல் நின்றது.

மறுநாள் வெட்டு முடிந்தும் வியாபாரி அனுப்பிய வண்டியைக் காணோம். நான் போனில் உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தேன். காய்ப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மனைவி என் காலை மட்டும் விரலால் காட்டினாள்.

போனை வைத்துவிட்டுக் குனிந்தேன்.